பழைய டீக்கி குவளைகள்: இனாமாகப் போன சரக்கு விலை பெற்ற விதம்

துவரம்பருப்பு விலை ஏன் ஏறுகிறது என்று நம்மில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவோம். மழை, விளைச்சல், வரத்து, லாரி வாடகை, பண்டிகை என்று காரணங்கள் வரிசையாக வரும். ஆனால் ஓட்டலில் பானம் ஊற்றிக் கொடுத்த மலிவான பீங்கான் குவளை ஒன்று நாற்பது, ஐம்பது ஆண்டுகள் கழித்து நூற்றுக்கணக்கான டாலருக்குக் கைமாறுகிறது என்றால் அதற்கு என்ன காரணம் சொல்வது? அதில் தங்கமில்லை, வெள்ளியில்லை. உடைந்தால் ஓட்டுத்துண்டு. அமெரிக்காவில் அப்படி விலை பெற்ற ஒரு பொருள்தான் டீக்கி குவளை.

கார் பின்பக்கத்தில் சாமான் ஏற்றும் டிக்கிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இது பசிபிக் தீவுகளின் சொல். அமெரிக்காவில் இந்தக் குவளைகளைத் தேடிச் சேர்ப்பவர்கள் ஏராளம். அவர்களுக்காகவே வியாபாரிகளும் புத்தகங்களும் ஆண்டு விழாக்களும் உண்டு. மதுவகைகளுக்காகப் பிறந்த பாத்திரம் என்பதால் நம் வாசகர்கள் முகம் சுளிக்க வேண்டாம். நாம் பார்க்கப் போவது உள்ளே ஊற்றியதை அல்ல, வெளியே இருந்த சரக்கின் வணிகத்தை. கொள்முதல், இறக்குமதி, விளம்பரம், போலி, நாணயம் என்று நம் தொழிலில் உள்ள எல்லாமே இந்தச் சிறு குவளையின் கதையில் இருக்கின்றன.

டீக்கி என்பது என்ன?

நியூசிலாந்தின் மாவோரி மக்களிடையே டீக்கி என்பது ஆதி மனிதனின் பெயராக வழங்குகிறது. மரத்திலும் கல்லிலும் மனித உருவாகச் செதுக்கிய சிற்பங்களுக்கும் அந்தப் பெயர் உண்டு. மார்க்கேசாஸ் தீவுகளிலும் இச்சொல் வழங்குகிறது. ஹவாய் தீவுகளில் இதையே கிஇ என்கிறார்கள். பெரிய கண், அகன்ற வாய், மடக்கிய கால்கள் கொண்ட இந்த உருவங்கள் அந்த மக்களுக்கு விளையாட்டுப் பொம்மைகள் அல்ல. முன்னோர்களையும் தெய்வங்களையும் குறிப்பவை.

அமெரிக்க ஓட்டல்காரர்கள் இவற்றையெல்லாம் ஒன்றாகக் கலந்து, எந்தத் தீவின் உருவம் என்று பார்க்காமல், டீக்கி என்ற ஒரே பெயரில் அடக்கிவிட்டார்கள். ஈஸ்டர் தீவில் நிற்கும் மோவாய் என்ற கற்சிலைகளின் நீண்ட முகமும், ஹவாயின் கூ தெய்வத்தின் உறுமும் முகமும் ஒரே அலமாரியில் குவளைகளாக நின்றன. இதிலுள்ள நியாய அநியாயத்தைப் பின்னால் பார்ப்போம்.

மளிகைக் கடைக்காரர் மகன்

அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை நாடு முழுவதும் மதுவிலக்கு இருந்தது. 1933 டிசம்பரில் அது நீங்கியதை ஒட்டி, எர்னஸ்ட் கான்ட் என்பவர் ஹாலிவுட்டில் ஒரு சிறிய பார் திறந்தார். மூங்கில், மீன்வலை, தென்னங்கீற்று, ஓலைப்பாய் எல்லாம் வைத்துத் தென்கடல் தீவுபோல அதை அலங்கரித்தார். ரம் சாராயத்தைப் பழச்சாறுகளுடன் கலந்து புதுப்புதுப் பெயர்களில் விற்றார். ஸோம்பி என்ற பானத்தை ஒருவருக்கு இரண்டுக்கு மேல் கொடுப்பதில்லை என்று கட்டுப்பாடும் வைத்தார். சரக்குக்குத் தட்டுப்பாடு இருப்பதுபோல் தோன்றினால் கிராக்கி கூடும் என்பது நமக்குத் தெரியாததல்ல. கடைக்கு டான் த பீச்கோம்பர் என்று பெயர் நிலைத்தது. அவரும் தம் பெயரையே டான் பீச் என்று மாற்றிக்கொண்டார்.

இரண்டாமவர் விக்டர் பெர்ஜரான். கலிபோர்னியாவின் ஓக்லண்ட் நகரில் இவருடைய பெற்றோர் மளிகைக் கடை வைத்திருந்தனர். அதற்கு எதிரிலேயே 1934-இல் ஹிங்கி டிங்க்ஸ் என்ற சிறிய உணவகத்தைத் தொடங்கினார். பின்னர் டான் பீச்சின் பாணியைப் பார்த்துத் தம் கடையையும் தென்கடல் தீவாக மாற்றி, டிரேடர் விக்ஸ், அதாவது ‘வியாபாரி விக்’ என்று பெயர் சூட்டினார். மை தாய் என்ற புகழ்பெற்ற பானத்தை 1944-இல் தாமே உருவாக்கியதாக அவர் சொல்லி வந்தார். டான் பீச் கூட்டத்தை ஈர்த்த கலைஞர் என்றால், விக்டர் பெர்ஜரான் கடையைக் கிளை கிளையாகப் பரப்பத் தெரிந்த வணிகர். ஹில்டன் ஓட்டல்களோடு உடன்படிக்கை செய்துகொண்டு, 1955-இல் பெவர்லி ஹில்டனிலும் 1963-இல் லண்டன் ஹில்டனிலும் கிளைகள் கண்டார்.

இவர்கள் விதைத்ததற்குக் காலமும் மழை பெய்தது. இரண்டாம் உலகப் போரில் லட்சக்கணக்கான அமெரிக்கப் படைவீரர்கள் பசிபிக் தீவுகளைப் பார்த்துத் திரும்பினர். 1947-இல் ஜேம்ஸ் மிச்சனரின் தென் பசிபிக் கதைகள் நூல் வந்தது. அதே ஆண்டில் நார்வே நாட்டு தோர் ஹையர்டால் கோன்-டீக்கி என்ற கட்டைத் தெப்பத்தில் பெரு நாட்டிலிருந்து புறப்பட்டு, 101 நாள் கடலில் மிதந்து பாலினேசியத் தீவுகளை அடைந்தார். 1959-இல் ஹவாய் அமெரிக்காவின் 50-ஆவது மாநிலமானது. ஊருக்கு ஊர் தீவு பாணி உணவகங்கள் முளைத்தன.

குவளை ஏன் வந்தது?

முதலில் இந்தப் பானங்களைத் தேங்காய்ச் சிரட்டையிலும், குடைந்த அன்னாசியிலும், மூங்கில் குழலிலும் ஊற்றிக் கொடுத்தார்கள். பார்க்க அழகுதான். ஆனால் அன்னாசி அழுகும், அளவுக்கு அளவு வேறுபடும், ஒருமுறை பயன்படுத்தினால் குப்பை. இதற்கு மாற்றாகவே பீங்கான் வந்தது. 1950-களின் பிற்பகுதியிலிருந்து டீக்கி முகம் கொண்ட குவளைகள் உணவகங்களில் பெருகின.

இதிலுள்ள வியாபாரக் கணக்கை நாம் கவனிக்க வேண்டும். ஒன்று, குவளை கழுவி மறுபடி பயன்படும். இரண்டு, எல்லாம் ஒரே அளவு. மூன்று, கண்ணாடி டம்ளர் போல் உள்ளே இருப்பது வெளியே தெரியாது. சுவர் கனமாக இருப்பதால் வெளியிலிருந்து பார்த்தால் பெரிதாகவும் தோன்றும். நான்கு, வாடிக்கையாளருக்கு அதை வீட்டுக்கு எடுத்துப்போக ஆசை வரும். ஆரம்பத்தில் பலர் சொல்லாமலே கைப்பையில் போட்டுக்கொண்டு போனார்கள். முதலாளிகள் சண்டை போடவில்லை. சில பானங்களுக்குக் குவளையின் விலையையும் சேர்த்து வைத்து, ‘குவளை உங்களுக்கே’ என்று விலைப்பட்டியலிலேயே அச்சடித்துவிட்டார்கள். களவு போன சரக்கு விற்பனைச் சரக்காயிற்று. குவளையின் முதுகில் கடையின் பெயரும் ஊரும் இருக்கும். வாடிக்கையாளர் வீட்டு அலமாரியில் அது வருடக்கணக்கில் நின்று சம்பளமில்லாமல் விளம்பரம் செய்தது.

360 யென் கணக்கு

இந்தக் குவளைகளில் ஒரு பகுதி அமெரிக்காவிலேயே செய்யப்பட்டது. ஆனால் பெரும்பகுதி ஜப்பான் சரக்கு. இதற்கு ஒரு முக்கியக் காரணம் நாணய மாற்று. 1949 முதல் 1971 வரை ஒரு டாலருக்கு 360 யென் என்று விகிதம் நிலையாக இருந்தது. போரில் நொடிந்திருந்த ஜப்பானின் பீங்கான் தொழிலுக்கு ஏற்றுமதி தேவைப்பட்டது. அமெரிக்க இறக்குமதியாளருக்கு மலிவான, நேர்த்தியான சரக்கு தேவைப்பட்டது. இருவர் கணக்கும் ஒத்துப்போயிற்று.

சான் பிரான்சிஸ்கோவின் ஓடகிரி மெர்க்கன்டைல் கம்பெனி இதில் பெயர்பெற்ற இறக்குமதி நிறுவனம். ஓ.எம்.சி. என்ற அதன் எழுத்துகள் இன்று சேகரிப்போருக்கு மனப்பாடம். இன்னொன்று ஆர்கிட்ஸ் ஆஃப் ஹவாய். ஹவாயின் ஆர்கிட் மலர்கள் என்று பெயர் வைத்துக்கொண்டாலும், அது இயங்கியது நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில். உணவகங்களுக்கு, குறிப்பாகத் தீவு பாணி பானங்களை விற்ற சீன உணவகங்களுக்கு, குவளைகளையும் பெரிய கிண்ணங்களையும் மொத்தமாக அனுப்பியது. அதன் சரக்குகளின் அடியில் ஆர் என்ற எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். மறு கொள்முதலுக்கு எண்ணைச் சொன்னால் போதும். அன்று வியாபார வசதிக்காகப் போட்ட அந்த எண்தான் இன்று சேகரிப்போருக்கு வழிகாட்டி.

1971-க்குப் பிறகு யென் மதிப்பு உயர்ந்தது. ஜப்பான் சரக்கு பழைய விலைக்குக் கிடைக்கவில்லை. பின்னாளைய குவளைகளில் தைவான் முத்திரையையும், அதற்குப் பின் சீன முத்திரையையும் பார்க்கிறோம். குவளையின் அடியைப் பார்த்தாலே உலக வணிகம் எந்தத் துறைமுகத்திலிருந்து எந்தத் துறைமுகத்துக்கு நகர்ந்தது என்று தெரிகிறது.

கடை மூடிய காலம்

1960-களின் இறுதியில் காற்று திசை மாறியது. வியட்நாம் போர், புதிய தலைமுறையின் புதிய ரசனை, மாறிய சாப்பாட்டுப் பழக்கம் எல்லாம் சேர்ந்தன. அப்பாவுக்கு நாகரிகமாகத் தெரிந்த மூங்கில் பார் மகனுக்குக் கேலிக்கூத்தாகத் தெரிந்தது. 1970-களிலும் 1980-களிலும் உணவகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. குவளைகள் பெட்டி பெட்டியாகத் தர்ம ஸ்தாபனங்களின் பழைய பொருள் கடைகளுக்கும், ஞாயிற்றுக்கிழமைச் சந்தைகளுக்கும் போயின. அங்கே பழைய தட்டு, கிண்ணங்களோடு சில்லறைக் காசுக்குக் கிடந்தன.

இதில் எல்லோர் மனத்திலும் பதிந்தது ஒஹையோ மாநிலம் கொலம்பஸ் நகரின் கஹிகி உணவகம். 1961-இல் படகு வடிவக் கூரையோடு மிகப் பெரிதாகக் கட்டப்பட்ட அது, 1997-இல் தேசிய வரலாற்றுச் சின்னங்களின் பதிவேட்டில் இடம்பெற்றது. ஆனாலும் 2000-இல் மூடப்பட்டு இடிக்கப்பட்டது. அந்த மனையில் மருந்துக்கடை வந்தது. கஹிகி என்ற பெயர் மட்டும் குளிரூட்டிய பாக்கெட் உணவாக மளிகைக் கடைகளின் ஐஸ் பெட்டிகளில் வாழ்ந்தது. அந்த உணவுக் கம்பெனியை 2018-இல் தென்கொரியாவின் சிஜே குழுமம் வாங்கியது. கட்டடம் போனாலும் பெயர் கைமாறிக் கைமாறி ஓடிற்று.

எல்லாமே அழிந்துவிடவில்லை. புளோரிடாவில் 1956 டிசம்பரில் தொடங்கிய மாய்-காய் உணவகம், 2020-இல் கூரை சேதத்தால் மூடப்பட்டு, பெரும் செலவில் பழுதுபார்க்கப்பட்டு 2024-இல் மீண்டும் திறந்தது. லாஸ் ஏஞ்சலீஸில் பிலிப்பைன்ஸ் நாட்டவரான ரே பூஹென் 1961-இல் தொடங்கிய டீக்கி-டீ என்ற மிகச் சிறிய கடை அவர் குடும்பத்தாரிடமே தொடர்ந்து வந்திருக்கிறது.

மறுபடியும் கிராக்கி

1990-களில் கலிபோர்னியாவின் இளைஞர்களும் ஓவியர்களும் சிலர் இந்தக் குவளைகளைச் சந்தைகளில் பொறுக்கத் தொடங்கினர். எந்தக் குவளை எந்தக் கடையுடையது, எந்த ஆண்டு, யார் செய்தது என்று பழைய விலைப்பட்டியல்களையும் தீப்பெட்டிகளையும் வைத்து ஒப்பிட்டார்கள். 1995-இல் ஈபே என்ற கணினி ஏலச் சந்தை தொடங்கியதும், ஒஹையோவில் பரணில் கிடந்த குவளைக்குக் கலிபோர்னியாவில் ஆள் கிடைத்தார். 2000-இல் ஸ்வென் கிர்ஸ்டன் எழுதிய டீக்கி நூல் வெளிவந்தது. 2001-இல் டீக்கி ஒயாசிஸ் என்ற ஆண்டு விழா தொடங்கியது.

இங்கே விலை பிறந்த விதம் நம் கவனத்துக்குரியது. குவளை மாறவில்லை. களிமண்ணும் மெருகும் பழையவைதான். மாறியவை இரண்டு. ஒன்று, பொருளைப் பற்றிய செய்தி சேர்ந்தது. இன்னது, இன்னாருடையது, இவ்வளவுதான் மிச்சம் என்று தெரிந்தது. இரண்டு, வாங்குகிறவரும் விற்கிறவரும் சந்திக்க இடம் கிடைத்தது. செய்தியும் சந்தையும் சேரும்போது ஓட்டுச் சாமானுக்கும் விலை வரும்.

அசலை அறிவது எப்படி?

கிராக்கி வந்த இடத்தில் போலியும் வரும். மிளகில் பப்பாளி விதை பார்த்தவர்கள் நாம். குவளையில் போலியை அறிய, முதலில் அது செய்யப்படும் விதத்தை அறிய வேண்டும்.

களிமண்ணைத் தண்ணீரில் கரைத்து இட்லி மாவுப் பதத்துக்குக் குழம்பாக்குவார்கள். இதைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சுக்குள் ஊற்றுவார்கள். பிளாஸ்டர் தண்ணீரை உறிஞ்ச, அச்சின் உட்சுவரில் களிமண் ஏடாகப் படியும். வேண்டிய கனம் வந்ததும் மீதிக் குழம்பைக் கவிழ்த்துவிடுவார்கள். இறுகியதும் அச்சைப் பிரித்து, இரு பாதிகள் சேர்ந்த விளிம்புத் தழும்பைச் சீவி, உலரவைத்துச் சூளையில் சுடுவார்கள். பிறகு மெருகு பூசி மறுபடி சுடுவார்கள். இந்தச் செய்முறையிலிருந்தே சில சோதனைகள் பிறக்கின்றன.

முதலாவது அளவு. களிமண் உலரும்போதும் சுடும்போதும் சுருங்கும். அசல் குவளையை வைத்து ஒருவர் புதிய அச்சு எடுத்து வார்த்தால், வரும் நகல் அசலைவிடச் சிறியதாகவே இருக்கும். நூற்றுக்குப் பத்து சுருக்கம் என்று வைத்துக்கொண்டால், 7 அங்குலக் குவளையின் நகல் 6.3 அங்குலம்தான் வரும். ஆகவே தேர்ந்த சேகரிப்பாளர் கையில் அளவுகோல் இல்லாமல் சந்தைக்குப் போவதில்லை. படி கல் இல்லாமல் நாம் கடை திறப்போமா?

இரண்டாவது கூர்மை. பிளாஸ்டர் அச்சு ஒவ்வொரு வார்ப்பிலும் சிறிது தேயும். புது அச்சில் வந்த குவளையில் பல்லும் கண்ணும் கோடும் தெளிவாக இருக்கும். தேய்ந்த அச்சில் வந்தது சோப்புக் கட்டி போல மழுங்கியிருக்கும். அசலிலேயேகூட முந்தின வார்ப்புக்கு மதிப்பு அதிகம். நகலில் மழுங்கல் இன்னும் கூடும்.

மூன்றாவது அடிப்பாகம். அமெரிக்கச் சட்டப்படி இறக்குமதிச் சரக்கில் எந்த நாட்டில் செய்தது என்ற குறி இருக்க வேண்டும். 1890-இல் வந்த சுங்கச் சட்டத்திலிருந்து இந்த வழக்கம் உண்டு. ஆகவே ஜப்பான் என்று மையிலோ, களிமண்ணில் அழுத்தியோ, காகித ஒட்டாகவோ இருக்கும். காகித ஒட்டு கழுவக் கழுவப் போய்விடும். எனவே குறியில்லாத குவளை எல்லாம் போலி என்று சொல்ல முடியாது. ஆனால் குறியோடு இருப்பதற்கு நம்பிக்கை கூடுதல். தரையில் நிற்கும் விளிம்பில் பல ஆண்டு உராய்வும் அழுக்கும் இயல்பாகப் படிந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

நான்காவது ஓசை. நம் தாய்மார்கள் பானை வாங்கும்போது விரலால் சுண்டிப் பார்ப்பார்கள். கணீர் என்றால் எடுப்பார்கள், மந்தமாகக் கேட்டால் வைத்துவிடுவார்கள். அதே சோதனை இங்கும் செல்லும். மயிரிழை விரிசல் கண்ணுக்குத் தப்பும், காதுக்குத் தப்பாது. ஆனால் மெருகில் மட்டும் வலைபோல் ஓடும் நுண்கோடுகள் வேறு. களிமண்ணும் மெருகும் சூட்டில் ஒரே அளவாக விரிந்து சுருங்காததால் வருவது அது. பழைய சரக்கில் அது சகஜம்.

ஐந்தாவது ஒட்டுவேலை. உடைந்த மூக்கையும் விளிம்பையும் பசையால் ஒட்டி வர்ணம் பூசி விற்பார் உண்டு. புற ஊதா விளக்கை இருட்டறையில் காட்டினால் பசையும் புது வர்ணமும் பெரும்பாலும் வேறு நிறமாக ஒளிரும். கள்ள நோட்டு பார்க்கும் விளக்கு கல்லாவில் வைத்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல.

மறு வெளியீடும் போலியும்

2000-இல் கலிபோர்னியாவின் சான் கிளமென்டி நகரில் டீக்கி ஃபார்ம் என்ற நிறுவனம் தொடங்கப்பட்டது. புதிய வடிவங்களைச் சீனாவில் செய்வித்து, தன் பெயரை அடியில் பொறித்து விற்கிறது. தனிக் கலைஞர்களும் எண்ணிக்கை வரையறுத்து, வரிசை எண் போட்டுச் சிறு அளவில் செய்கிறார்கள். இது நேர்மையான வியாபாரம். இன்று செய்தது என்று சொல்லியே விற்கிறார்கள். பழைய குவளையை அச்செடுத்து, பெயரில்லாமல், பழையது என்று விற்பதுதான் மோசடி. புதுப்புளியைப் புதுப்புளி என்று விற்றால் வியாபாரம். பழம்புளி என்று விற்றால் கலப்படம். பொருள் ஒன்றேயானாலும் சொல்லும் சொல்லில்தான் வேறுபாடு.

பராமரிப்பும் எச்சரிக்கையும்

இதை வைத்திருப்போர் சொல்லும் விதிகள் சுருக்கமானவை. மிதமான சோப்பு நீரில் கையால் கழுவ வேண்டும். காகித ஒட்டு இருந்தால் அதை நனைக்கக் கூடாது. நுண்கோடுகளில் ஏறிய கறையைப் போக்க ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊறவைக்கிறார்கள். வெளுப்புத் தூள் கூடாது. அது உள்ளே தங்கி மெருகை உரித்துவிடும். பார்சல் அனுப்பும்போது குவளைக்குள்ளும் காகிதம் அடைத்து, ஒரு பெட்டிக்குள் இன்னொரு பெட்டியாகக் கட்டுவார்கள்.

இன்னொன்று முக்கியம். பழைய பீங்கான் மெருகில் ஈயம் இருக்கக்கூடும். எலுமிச்சை, அன்னாசி போன்ற புளிப்புச் சாறுகள் அந்த ஈயத்தை இழுத்துக் கரைக்கும். ஈயம் உடம்புக்கு, குறிப்பாகக் குழந்தைகளுக்கு, நஞ்சு. பரிசோதிக்காத பழைய குவளையில் எதையும் ஊற்றிக் குடிக்காமல் அலமாரியில் வைப்பதே அறிவு. நம் பரணிலுள்ள பழைய பீங்கான் சாமான்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

யாருடைய உருவம்?

ஹவாயில் 1819-இல் அரசர் இரண்டாம் கமேஹமேஹா காலத்தில் பழைய சமயக் கட்டுப்பாடுகள் நீக்கப்பட்டன. கோயில்களும் தெய்வ உருவங்களும் அழிக்கப்பட்டன. கூ தெய்வத்தின் பெரிய மரச்சிலைகளில் மூன்றுதான் இன்று எஞ்சியிருக்கின்றன. ஒன்று ஹோனலூலுவின் பிஷப் அருங்காட்சியகத்தில். ஒன்று லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில். ஒன்று அமெரிக்காவின் சேலம் நகரில். 2010-இல் அந்த மூன்றையும் ஹோனலூலுவில் ஒன்றாக நிறுத்தியபோது, அது அந்த மக்களுக்கு வெறும் கண்காட்சியாக இருக்கவில்லை. அதே தெய்வத்தின் முகம்தான் சாராயக் கோப்பையாக ஆயிரக்கணக்கில் வார்க்கப்பட்டது. பசிபிக் தீவு மக்களில் பலர் இதை வருத்தத்தோடு சுட்டிக்காட்டுகிறார்கள்.

நமக்கு இது புரியாததல்ல. சாமி படம் போட்ட காலண்டர் தாளைக் கிழித்துப் பொட்டலம் மடிக்க நம்மில் எத்தனை பேருக்குக் கை வரும்? தெய்வப் படத்தை லேபிளில் போட்டு விற்பவர்களும் நம்மில் உண்டு, அது காலடியில் மிதிபடுவதைப் பார்த்துக் கூசுகிறவர்களும் உண்டு. சரக்கு விற்கிறது என்பது மட்டும் ஒரு சின்னத்தைப் பயன்படுத்தப் போதிய காரணமாகாது. இன்றைய குவளைக் கலைஞர்கள் சிலர் தெய்வ உருவங்களை விட்டுவிட்டுக் கப்பல், மீன், பறவை, பழம் என்று வேறு வடிவங்களுக்குப் போவது நல்ல அடையாளம்.

முதல் போடலாமா?

‘அப்படியானால் இதை வாங்கி வைத்தால் லாபமா?’ என்று கேட்பது வணிகர் இயல்பு. நேராகச் சொல்லிவிடுவோம். இதை முதலீடு என்று எண்ணி இறங்குவது சரியல்ல. காரணம், இதற்குச் சந்தை விலை என்று நாளிதழில் வருவதில்லை. இரண்டு பேர் போட்டியிட்டால் ஏறும், ஒருவர் விலகினால் இறங்கும். மூடிய உணவகத்தின் கிடங்கிலிருந்து பிரிக்காத பெட்டிகள் வெளிவந்தால் அபூர்வம் என்ற பெயர் போய்விடும். சேகரித்த தலைமுறைக்கு வயதாகி, பிள்ளைகள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் விற்க வந்தால் வரத்து மிகுந்து விலை சரியும். உடையும் அபாயம் வேறு. ஆசைக்காக வாங்குகிறவர் நஷ்டப்படுவதில்லை, ஏனென்றால் அவர் பொருளை அனுபவிக்கிறார். விலைக்காக வாங்குகிறவர் பதுக்கல் வியாபாரியைப் போல, விற்கும் நாள் வரை தூங்க முடியாது.

ஒரு நியாயக் கேள்வியும் இங்கே உண்டு. கணவரை இழந்த மூதாட்டி ஒருவர் வீட்டைக் காலி செய்யும்போது ஒரு டாலருக்கு வைத்திருக்கும் குவளை, இருநூறு டாலர் பெறும் என்று வாங்க வந்தவருக்குத் தெரியும். அவர் வாய்திறக்க வேண்டுமா? சொன்ன விலைக்கு வாங்குவது சட்டப்படி குற்றமல்ல. ஆனால் விற்பவர் வியாபாரி என்றால் ஒரு நியாயம், விவரம் அறியாதவர் என்றால் வேறு நியாயம் என்றுதான் நம் பெரியவர்கள் தொழில் நடத்தினார்கள். சேகரிப்போரிலும் நல்லவர்கள் விவரம் சொல்லி, இருவருக்கும் கட்டுப்படியாகும் ஒரு விலை பேசியே வாங்குகிறார்கள். அவர்களைத் தேடித்தான் அடுத்த குவளையும் வருகிறது.

நமக்கு எஞ்சும் பாடம்

இந்தக் குவளைகளில் ஒரு வேறுபாட்டைச் சேகரிப்போர் முதலில் பார்க்கிறார்கள். ஒரே அச்சில், ஒரே சூளையில், ஒரே நாளில் வந்த இரண்டு குவளைகள். ஒன்றின் முதுகில் கடைப் பெயரும் ஊரும் இருக்கிறது, மற்றதில் இல்லை. பெயருள்ளதற்கே விலை அதிகம். அந்தக் கடை மூடி நாற்பது ஆண்டு ஆகியிருக்கலாம். முதலாளி யார் என்றுகூட யாருக்கும் நினைவில்லாமல் போயிருக்கலாம். ஆனாலும் அந்தப் பெயருக்காகத்தான் கூடுதல் பணம் தருகிறார்கள்.

நாமும் பை கொடுக்கிறோம், காலண்டர் கொடுக்கிறோம், தீபாவளிக்கு டம்ளரும் டப்பாவும் கொடுக்கிறோம். பலர் செலவைக் குறைக்க, பெயர் அச்சிடாத மலிவுச் சரக்கைக் கொடுத்துவிடுகிறோம். வாங்கிப் போகிறவர் வீட்டில் அது ஊர் பேர் தெரியாத சாமானாகக் கிடக்கிறது. சிறிதே கொடுத்தாலும் உறுதியான பொருளாகக் கொடுத்து, அதில் கடையின் பெயர், ஊர், ஆண்டு மூன்றையும் போடுவது நல்லது. பழைய பில் புத்தகம், விலைப்பட்டியல், லேபிள், விளம்பரத் தட்டி ஆகியவற்றில் ஒவ்வொரு பிரதியையாவது எடைக்குப் போடாமல் ஒரு பெட்டியில் வைத்திருங்கள். விலை வரும் என்பதற்காக அல்ல. ஒரு தொழில் எப்படி நடந்தது என்று பின்னால் வருகிறவர்கள் தெரிந்துகொள்ள அவைதாம் சாட்சி. பெயர் போட்டுக் கொடுக்கும் சரக்கு கனமாகவும் நேர்மையாகவும் இருக்க வேண்டும் என்று நாம் சொல்லத் தேவையில்லை. நாம் இல்லாத காலத்திலும் யாரோ ஒருவர் அதைத் திருப்பி அடியைப் பார்ப்பார்.